ஓடுபவரும் உட்காருபவரும் சேர்ந்து ஏற்காடு போக: தம்பதிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஏறினால், ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை கண்ணெதிரே நிற்கும். கல்யாணமாகி நாங்கள் இருவரும் முதன்முதலாகச் சுற்றுலா என்று போனதும் அந்த மலைக்குத்தான். ஒரே பகலில் ஒன்பது இடங்கள். எந்த இடத்தில் எத்தனை நிமிடம் என்று எழுதிய தாள் என் கணவரின் சட்டைப்பையில் இருந்தது. பகோடா பாயிண்ட் என்ற காட்சிமுனையில் காற்று நன்றாக இருக்கிறதே என்று நான் உட்கார்ந்துவிட்டேன். "ஐந்து நிமிடங்க" என்றேன். சரி என்றார். ஆனால் அவர் உட்காரவில்லை. என் தலைமாட்டில் நின்றபடி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஐந்து நிமிடம் எனக்கும் ஆகவில்லை, அவருக்கும் ஆகவில்லை. இறங்கி வரும்போது 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இருவரும் வாய் திறக்காமல் கடந்தோம்.

அதற்குப் பிறகு இருபத்தாறு வருடங்களாக, அநேகமாக வருடத்துக்கு ஒரு முறை, அதே மலைக்குப் போய்வருகிறோம். அவர் இன்றும் ஓடுபவர்தான், நான் இன்றும் உட்காருபவள்தான். ஆனால் சண்டை இல்லாமல், ஆளுக்கு வேண்டியது முழுசாகக் கிடைத்துத் திரும்புகிறோம். எப்படி என்று உறவுப் பெண்கள் பலர் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்குத் துண்டு துண்டாகச் சொன்னதைத்தான் இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான தம்பதிகள் செய்கிற தவறு, இருவர் ஆசையையும் கூட்டி இரண்டால் வகுப்பது. பத்து இடம் பார்க்க ஆசைப்படுபவர் ஐந்தோடு நிறுத்திக்கொள்வார். பகல் முழுக்க உட்கார ஆசைப்படுபவருக்கு நடுநடுவே பத்துப் பத்து நிமிடம் கிடைக்கும். இருவருமே விட்டுக்கொடுத்தோம் என்று நினைப்பார்கள், இருவருக்குமே வயிறு நிறையாது. அரை அரையாகப் பங்கு போடாதீர்கள். ஒரு காலைப்பொழுதை முழுசாக ஒருவருக்கும், ஒரு பிற்பகலை முழுசாக இன்னொருவருக்கும் கொடுங்கள். கீழே வரும் படிகள் எல்லாமே இந்த ஒன்றைச் செய்து முடிப்பதற்கான வேலைகள்.

முதல் படி: வீட்டிலேயே, தாளில் எழுதுங்கள்

புறப்படுவதற்குப் பத்துப் பதினைந்து நாளுக்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். மலையில் ஏறிய பிறகு பேசலாம் என்று விட்டால் பேச்சு நடக்காது, வாக்குவாதம்தான் நடக்கும்.

இருவரும் தனித்தனித் தாள் எடுத்துக்கொண்டு, ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்காமல் மூன்று பகுதிகளாக எழுதுங்கள். இது இல்லாவிட்டால் போனதாகவே ஆகாது என்பவை முதல் பகுதி. மூன்றுக்கு மேல் வேண்டாம். கிடைத்தால் நல்லது என்பவை இரண்டாவது. இதை மட்டும் என்னால் தாங்க முடியாது என்பவை மூன்றாவது. மிக முக்கியமானது இந்த மூன்றாவது பகுதிதான், ஆனால் யாரும் இதைக் கேட்பதே இல்லை.

எங்கள் தாள்களைச் சொல்கிறேன். அவருடைய முதல் பகுதி: விடியும்போது சேர்வராயன் கோவில் உச்சி, கிளியூர் நீர்வீழ்ச்சியின் அடிவரை இறங்குவது, லூப் ரோட்டை முழுசாக ஒரு சுற்று. என்னுடையது: காலையில் ஒன்பது மணிவரை யாரும் அவசரப்படுத்தாத காபி, ஒரு பிற்பகல் முழுக்க வராந்தாவும் புத்தகமும், லேடீஸ் சீட்டில் சேலத்து விளக்குகள் எரியத் தொடங்கும்வரை உட்காருவது. மூன்றாவது பகுதியில் அவர் எழுதியது: "எப்போது கிளம்புவோம் என்று தெரியாமல் காத்திருப்பது." நான் எழுதியது: "ஒரே நாளில் மூன்று முறைக்கு மேல் காரில் ஏறி இறங்குவது."

பாருங்கள், இந்த இரண்டும் ஒன்றோடொன்று மோதவே இல்லை. நான் எங்கும் போகாமல் இருப்பது அவருக்குத் தொந்தரவில்லை. எப்போது கிளம்புவேன் என்று சொல்லாமல் இருப்பதுதான் தொந்தரவு. அவர் பத்து இடம் பார்ப்பது எனக்குத் தொந்தரவில்லை. பத்து முறை என்னை இறக்கி ஏற்றுவதுதான் தொந்தரவு. ஆறு வருடம் சண்டை போட்ட விஷயம் ஒரு தாளில், பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

தாளை மாற்றிப் படித்த பிறகு இன்னொரு கேள்வியையும் கேளுங்கள்: வருடம் முழுக்க உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? என் கணவர் வங்கி ஊழியர். வருடத்தில் பதினோரு மாதம் நாற்காலியில் கழிகிறது. நான் அரசுப் பள்ளி ஆசிரியை. கரும்பலகை முன்னால் நின்று நின்று கணுக்கால் வீங்கும். அவருக்கு விடுமுறை என்றால் கால் நடக்க வேண்டும், எனக்கு விடுமுறை என்றால் கால் ஓய வேண்டும். இது புரியும்வரை அவருக்கு என்னைச் சோம்பேறி என்று எண்ணம், எனக்கு அவரை ஓரிடத்தில் நிற்கத் தெரியாதவர் என்று எண்ணம். புரிந்த அன்று இரவு எனக்கு அவர் மேல் இரக்கமே வந்தது. குணத்தோடு மல்லுக்கட்டுவதை விட்டு உடம்பைக் கேளுங்கள். பாதிச் சிக்கல் அங்கேயே அவிழும்.

இரண்டாம் படி: எத்தனை நாள், எந்த மாதம்

சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர். காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம் என்பதால் சேலத்துக்காரர்கள் பெரும்பாலும் ஒரு நாள் பயணமாகத்தான் போகிறார்கள். எதிரெதிர்க் குணமுள்ள தம்பதிக்கு ஒரு நாள் பயணம் வேண்டாம் என்பேன். பகல் ஒன்றே ஒன்று என்றால் அது ஓடுபவருக்கே போய்ச் சேரும். "வந்ததே ஒரு நாள், அதிலும் உட்கார வேண்டுமா?" என்ற கேள்விக்கு உட்காருபவரிடம் பதில் இருக்காது. குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள். முடிந்தால் மூன்று இரவு.

மே மாதத்தில் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடக்கும், சேர்வராயன் கோவில் திருவிழாவும் அதே மாதத்தில்தான். ஓடுபவருக்குக் கொண்டாட்டம். உட்காருபவருக்கு உட்கார இடம் கிடைக்காது. எங்கள் அனுபவத்தில் இருவருக்கும் ஒத்துவருவது, மழை ஓரளவு ஓய்ந்த டிசம்பரும் ஜனவரியும். கிளியூரில் தண்ணீர் இருக்கும், காபிப் பழம் பறிக்கிற காலம், குளிர் அளவாக இருக்கும். நல்ல கோடையில் போனால் கிளியூரில் பாறை மட்டும்தான் மிஞ்சியிருக்கும். அதை நம்பி ஓடுபவர் படிகளில் இறங்கி ஏறி வந்தால் அன்றைய மாலை யாருக்கும் நன்றாக இருக்காது.

மார்ச், ஏப்ரலில் கோடை மழை ஒன்று இறங்கினால் பத்து நாளில் காபிச்செடி பூக்கும். தோட்டம் முழுக்க வெள்ளையாக, மல்லிகைக்குப் பக்கத்தில் வைக்கலாம் போன்ற மணத்தோடு இருக்கும். அது சில நாள்தான், தேதி குறித்துப் போக முடியாது. சேலத்தில் இருப்பவர்கள் மழை பெய்த செய்தி கேட்டு, நாள் எண்ணிக் கிளம்பலாம்.

எந்த மாதமானாலும் சனி, ஞாயிறைத் தவிர்த்து வார நாட்களில் போங்கள். ஏரி ரவுண்டானாவில் போக்குவரத்தில் மாட்டி நிற்பதில் ஓடுபவர், உட்காருபவர் என்ற பேதமில்லை, இருவருக்கும் கோபம் வரும்.

மூன்றாம் படி: அறையை உட்காருபவர் தேர்ந்தெடுக்கட்டும், வண்டியை ஓடுபவர் தேர்ந்தெடுக்கட்டும்

எங்களுக்குள் பேரமே பேசாத விதி இது. அறையில் அதிக நேரம் இருக்கப்போவது யாரோ, அவர் சொல்வதே அறை விஷயத்தில் முடிவு. ஓடுபவருக்கு அறை என்பது பையை வைக்கிற இடம். எனக்கு அறைதான் ஊர்.

பார்க்க வேண்டியவை: வராந்தா உண்டா, அது எதைப் பார்த்தபடி இருக்கிறது, அங்கேயே சாப்பாடு கிடைக்குமா, காலை ஆறு மணிக்கு வெந்நீர் வருமா. ஒருமுறை படத்தைப் பார்த்து ஓர் அறையைப் பிடித்தோம். வராந்தா இருந்தது, ஆனால் அதற்கு நேர் கீழே ஜெனரேட்டர். மின்சாரம் போனபோதெல்லாம் புகையும் இரைச்சலும் மேலே வந்தன. அதன் பிறகு, "வராந்தாவில் நின்றால் எதிரே என்ன தெரியும், கீழே என்ன இருக்கிறது?" என்று தொலைபேசியில் கேட்காமல் நான் முன்பணம் கட்டுவதில்லை.

ஏரிக்குப் பக்கத்தில் தங்குவதா, காபித் தோட்டத்துக்குள் தங்குவதா என்பது அடுத்த கேள்வி. தோட்டத்துக்குள் அமைதி உண்டு. ஆனால் ஒரு டீ குடிக்கக்கூட வண்டி எடுக்க வேண்டும். வண்டி ஒன்றுதான் இருந்து, ஓடுபவர் அதை எடுத்துக்கொண்டு போய்விட்டால் உட்காருபவர் சிறைப்பட்டதுபோல் ஆகிவிடுவார். ஆகவே ஏரியிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள், நடந்து போகும் தூரத்தில், ஆனால் பிரதான சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கும் இடமே இருவருக்கும் நல்லது.

நான்காம் படி: மலை ஏறுவது

அடிவாரம் வழியாக ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். குப்பனூர் வழியாக இன்னொரு பாதையும் உண்டு. கூட்ட நாட்களில் ஏறுவதற்கு ஒன்று, இறங்குவதற்கு ஒன்று என்று பிரித்துவிடுவது வழக்கம். பெட்ரோலைச் சேலத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். மலைப்பாதையில் ஏறி வரும் வண்டிக்குத்தான் முதல் வழி. இறங்கும்போது எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள். தலைசுற்றல் வருபவர் முன்சீட்டில் உட்கார்ந்து, தூரத்தில் தெரியும் சாலையைப் பார்த்தபடி வரட்டும். வயிறு நிறையச் சாப்பிட்டும் ஏற வேண்டாம், வெறும் வயிற்றோடும் வேண்டாம். எலுமிச்சம்பழம் ஒன்று கையில் இருக்கட்டும்.

ஓடுபவர் ஒவ்வொரு வளைவிலும் இறங்கிப் படம் எடுக்க ஆசைப்படுவார். உட்காருபவருக்குச் சீக்கிரம் மேலே போய்ச் சேர வேண்டும். அடிவாரத்திலேயே எண்ணிக்கை பேசிக்கொள்ளுங்கள். எங்களுக்கு இரண்டு நிறுத்தம். எந்த இரண்டு என்பதை அவர் முடிவு செய்வார், நான் கேள்வி கேட்பதில்லை. அதேபோல் ஓட்டுபவருக்குப் பக்கத்தில் இருப்பவர் ஓட்டச் சொல்லிக்கொடுக்கக் கூடாது. வழியில் ஆரம்பித்த அந்தப் பேச்சு அறை வரைக்கும் வரும்.

மேலே போய்ச் சேர்ந்ததும் முதல் இரண்டு மணி நேரத்துக்கு எந்தத் திட்டமும் வேண்டாம். பையை வைத்துவிட்டு, முகம் கழுவி, ஒரு டீ. ஓடுபவருக்கு அதற்குள் கால் பரபரக்கும். அவர் ஏரியைச் சுற்றி ஒரு நடை போய்வரட்டும்.

ஐந்தாம் படி: நாளைப் பிரிப்பது

இதுதான் மொத்த வழிகாட்டியின் நடுப்பகுதி, இங்கே அவசரப்படாமல் படியுங்கள். ஒவ்வொரு நாளையும் மூன்று துண்டாக்குங்கள்: விடியலிலிருந்து காலை பத்து மணி வரை, பத்திலிருந்து நான்கு, நான்கிலிருந்து இரவு. ஒவ்வொரு துண்டும் அவருடையது, என்னுடையது, நம்முடையது என்று மூன்றில் ஒன்றாக இருக்கும். அவருடைய துண்டில் நான் கூட வரலாம், வராமலும் இருக்கலாம். வந்தால் அவர் வேகத்துக்கு வர வேண்டும், "மெதுவாகப் போங்க" என்று சொல்லக் கூடாது. என் துண்டில் அவர் இருக்கலாம், ஆனால் கடிகாரம் பார்க்கக் கூடாது. நம்முடைய துண்டு நாளுக்கு ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் இரண்டு பேர் தனித்தனியாக வந்து ஒரே அறையில் தங்கியதுபோல் ஆகிவிடும்.

மூன்று இரவுக்கு நாங்கள் பின்பற்றுவதைச் சொல்கிறேன்.

முதல் நாள் மதியம் போய்ச் சேருவோம். மாலை நம்முடையது: லேடீஸ் சீட். மலையின் தென்மேற்கு விளிம்பு அது. கீழே நாம் ஏறி வந்த சாலை பாம்பாகச் சுருண்டு கிடக்கும், அதற்கப்பால் சேலம். வானம் தெளிவாக இருந்தால் மேட்டூர் அணைத் தண்ணீர் பளபளப்பது தெரியும். நாலரை மணிக்கே போய்விடுங்கள். அவருக்குச் சுற்றிலும் நடந்து பார்க்க நேரமிருக்கும், எனக்கு உட்கார இடமிருக்கும். இருட்டும் நேரத்தில் அவரும் வந்து பக்கத்தில் உட்காருவார். கீழே சமவெளியில் விளக்குகள் தெருத்தெருவாக எரியத் தொடங்கும். "அதோ ஜங்ஷன்", "இல்லை, அது ஐந்து ரோடு" என்று பேசிக்கொண்டிருப்போம்.

இரண்டாம் நாள் விடியல் அவருடையது. ஐந்தரை மணிக்குக் கிளம்பிச் சேர்வராயன் உச்சிக்குப் போவார். 1,623 மீட்டர் உயரம், மேலே பரந்த சமதளம். குகைக்குள் சேர்வராயனும் காவேரி அம்மனும். உள்ளே குனிந்துதான் போக வேண்டும். நான் ஒரே ஒரு முறை போயிருக்கிறேன். தலைக்கு மேல் பாறையின் ஈரம், கற்பூர மணம், வெளியே வந்ததும் முகத்தில் அறைந்த காற்று. எனக்கும் பிடித்தது. ஆனால் வருடாவருடம் வேண்டும் என்று தோன்றவில்லை. அவருக்கு வேண்டும், அதனால் அவர் போகிறார். திரும்பும் வழியில் கரடி குகையையும் பகோடா பாயிண்டையும் பார்த்துவிட்டு ஒன்பது, ஒன்பதரைக்கு வந்துவிடுவார்.

அந்த நேரத்தில் நான் வராந்தாவில் இருப்பேன். சால்வையும் காபியுமாக உட்கார்ந்திருக்கும்போது, எதிரே உள்ள சவுக்கு மரங்களின் நுனியை மூடுபனி முதலில் எடுத்துக்கொள்ளும். பிறகு வேலி மறையும். பிறகு வராந்தாப் படிகள். கொஞ்ச நேரத்தில் கையிலிருக்கும் தம்ளர் மட்டும்தான் தெரியும். இருபது நிமிடம் கழித்து அதே வரிசையில், பின்னாலிருந்து ஒவ்வொன்றாகத் திரும்பி வரும்: படி, வேலி, மரம். இதைப் பார்க்க உட்கார்ந்தே இருக்க வேண்டும். போய்ப் பார்க்கிற காட்சி அல்ல இது. "ஏற்காடு வந்து அறையிலேயே இருந்தாயா?" என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன்.

பத்து மணிக்கு மேல் இருவருமாகத் தாவரவியல் தோட்டம். இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தேசிய ஆர்க்கிட் தோட்டம் 1963ல் இங்கே தொடங்கப்பட்டது. இரு குணத்துக்கும் பொருந்துகிற இடம் ஏற்காட்டில் இதுதான் என்பேன். அவர் எல்லாப் பெயர்ப்பலகைகளையும் வரிசையாகப் படித்து முடிப்பார். நான் பூச்சியைப் பிடித்துத் தின்னும் குடுவைச்செடி முன்னால் நிற்பேன். இருவரும் ஒரே தோட்டத்தில், ஒருவர் கண்ணுக்கு ஒருவர் தெரிகிற தூரத்தில் இருப்போம். யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் பயணத்திலும் இப்படி ஓர் இடத்தைத் தேடி வையுங்கள்.

பிற்பகல் என்னுடையது, அதாவது அறை. அன்று அவர் கிளியூருக்குப் போவார். ஏரியிலிருந்து சுமார் மூன்று கிலோமீட்டர் போய், அங்கிருந்து படிகளில் இறங்க வேண்டும். சுமார் 300 அடி உயரத்திலிருந்து தண்ணீர் விழுகிறது. இறங்குவது சுலபம், ஏறி வரும்போதுதான் முழங்கால் தன் வயதைச் சொல்லும். உட்காருபவரை "வா, கொஞ்சம்தான்" என்று அழைத்துப் போகாதீர்கள். கொஞ்சம் இல்லை. முழங்கால் வலியோடு ஏறி வந்தவர் அடுத்த இரண்டு நாளும் அந்தக் "கொஞ்சம்தான்" என்ற சொல்லை மறக்க மாட்டார்.

மூன்றாம் நாள் லூப் ரோடு. காபித் தோட்டங்களுக்கும் மலைக்கிராமங்களுக்கும் நடுவே சுமார் 32 கிலோமீட்டர் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்து விடும் சாலை. அவருக்கு முழுச் சுற்று வேண்டும், எனக்கு உட்கார வேண்டும். ஆகவே ஒப்பந்தம்: பாதை அவருடையது, நிறுத்தம் என்னுடையது. இரண்டே நிறுத்தம், ஒவ்வொன்றும் நாற்பது நிமிடம், எங்கே என்று நான் சொல்வேன். ஒருமுறை டிசம்பரில் ஒரு தோட்டத்துக் களத்தருகே நிறுத்தச் சொன்னேன். பறித்த காபிப் பழங்கள் பரப்பியிருந்தன. ஓர் ஓரத்தில் இன்னும் சிவப்பு, நடுவில் கருஞ்சிவப்பு, மறு ஓரத்தில் காய்ந்து கறுத்தவை. ஒரு மூதாட்டி காலாலேயே கிளறியபடி முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தார். பழம் ஒன்றைக் கொடுத்துப் பிதுக்கிப் பார்க்கச் சொன்னார். வழுவழுப்பான இனிப்புச் சாறுக்குள் இரண்டு கொட்டைகள், முகம் பார்த்து ஒட்டிக்கொண்டிருந்தன. சில்வர் ஓக் மர நிழலில் காபியும், அந்த மரத்திலேயே ஏறிய மிளகுக்கொடியுமாக இருக்கும் இந்த வாழ்க்கையை 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்த செடிகள் தொடங்கிவைத்தன என்று என் கணவர் அவரிடம் சொன்னார். பாட்டி, "அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க, என் மாமியாரும் இதே களத்தில்தான் கிளறினார்" என்றார். நாற்பது நிமிடம் முடிந்ததை அன்று இருவருமே கவனிக்கவில்லை.

ஆறாம் படி: பிரிந்து போவதற்கும் முறை உண்டு

தனியாகப் போவதற்கும் கோபித்துக்கொண்டு போவதற்கும் பார்வைக்கு வித்தியாசம் கிடையாது. அதனால் அதை வாயால் சொல்லிவிட வேண்டும். எங்கே போகிறேன், எத்தனை மணிக்குள் திரும்புவேன், இந்த இரண்டையும் சொல்லாமல் கிளம்பக் கூடாது. மலையில் பல இடங்களில் கைபேசி எடுக்காது. "அழைக்கிறேன்" என்பதை நம்பாமல், சொன்ன நேரத்துக்கு வருவதே நல்லது. பொழுது சாயும் முன் திரும்பிவிடுங்கள். இருட்டிய பிறகு தோட்டத்துச் சாலைகளில் காட்டெருமை நிற்கும், மூடுபனியில் பக்கத்தில் வரும்வரை தெரியாது. எதிர்ப்பட்டால் ஒலி எழுப்பாமல், விலகிப் போகும்வரை தூரத்திலேயே காத்திருங்கள்.

திரும்பி வந்த முதல் பத்து நிமிடம் மிகவும் முக்கியம். ஓடியவர் பார்த்ததைச் சொல்லட்டும், உட்கார்ந்தவர் புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்கட்டும். ஓடியவர் "நீயும் வந்திருக்கலாம்" என்று முடிக்கக் கூடாது. அந்த ஒரு வரி, கொடுத்த பிற்பகலைத் திரும்பப் பிடுங்கிக்கொள்கிறது. உட்கார்ந்தவரும் "இவ்வளவு நேரமா?" என்று ஆரம்பிக்கக் கூடாது. என் கணவர் கிளியூரிலிருந்து ஒவ்வொரு முறையும் எனக்கு ஏதாவது கொண்டுவருவார். ஒரு முறை வழவழப்பான ஒரு கூழாங்கல். அது இன்றும் என் மேசைமேல் காகிதங்களுக்குப் பாரமாக இருக்கிறது.

உடன் வரும் பெரியவர்கள், "புருஷன் ஒரு பக்கம், பெண்டாட்டி ஒரு பக்கமா?" என்று கேட்பார்கள். என் மாமியாரும் கேட்டார். "சாயங்காலம் இருவரும் சேர்ந்துதானே லேடீஸ் சீட் போகிறோம், நீங்களும் வாருங்கள் அத்தை" என்று கூட்டிப்போனேன். அடுத்த வருடம் அவரே, "அவன் போகட்டும், நாம் வராந்தாவில் இருப்போம்" என்றார்.

ஏழாம் படி: பசி, பணம்

சுருக்கமாகச் சொல்கிறேன். சுற்றுலாச் சண்டைகளில் பாதி பசியால் வருபவை. மதியச் சாப்பாடு ஒன்றரை மணிக்கு என்றால் எந்த நீர்வீழ்ச்சிக்காகவும் அதைத் தள்ளாதீர்கள். காரில் கொய்யாவும் கடலை மிட்டாயும் வைத்திருங்கள். பணத்தில், அறைக்கும் உணவுக்கும் பொதுவில் எடுத்து வைத்துவிட்டு, மீதியில் ஆளுக்குச் சமமாக ஒரு தொகை வைத்துக்கொள்ளுங்கள். அவர் படகுக்கும் வண்டி வாடகைக்கும் செலவழிப்பார், நான் காபித்தூளுக்கும் மிளகுக்கும் செலவழிப்பேன். கணக்குக் கேட்பதில்லை.

எட்டாம் படி: அப்படியும் சண்டை வந்தால்

வரும். எங்களுக்கும் வந்திருக்கிறது. ஏரிக்கரையில், படகுச் சீட்டு வரிசையில் ஒரு மணி நேரம் நின்ற பிறகு வந்தது. அந்த இடத்திலேயே தீர்க்கப் பார்க்காதீர்கள். "இப்போது வேண்டாம், அறைக்குப் போய்ப் பேசலாம்" என்று யார் முதலில் சொன்னாலும் மற்றவர் ஒத்துக்கொள்ள வேண்டும் என்பதை வீட்டிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பேசும்போது அன்றைக்கு நடந்ததை மட்டும் பேசுங்கள். "எப்போதும் நீங்கள் இப்படித்தான்" என்று தொடங்கினால் கல்யாண நாள்வரைக்கும் போய்த்தான் நிற்கும். தாள் இருக்கிறதல்லவா, அதை எடுத்துப் பாருங்கள். யாருடைய முதல் பகுதியில் எது இன்னும் நடக்கவில்லை என்று பார்த்து, அதை அடுத்த துண்டில் வையுங்கள். அன்று பார்த்தபோது, என் வராந்தாப் பிற்பகல் இரண்டு நாளாகத் தள்ளிப்போயிருந்தது தெரிந்தது. படகு வரிசை வெறும் சாக்கு. மறுநாள் பிற்பகலை அவர் எனக்குக் கொடுத்தார். கோபமும் அதோடு போயிற்று.

ஒன்பதாம் படி: இறங்குவது

இறங்கும் நாளில் இடம் எதையும் சேர்க்காதீர்கள். "வழியில்தானே" என்று ஓடுபவர் ஒன்றைச் சொருகப் பார்ப்பார். மூன்று நாள் நன்றாக நடந்ததைக் கடைசி இரண்டு மணி நேரம் கெடுத்துவிடும். மாலையில் இறங்கி, வீட்டுக்குப் போகும் முன் சேலத்தில் தட்டுவடை செட் சாப்பிடுவது எங்கள் வழக்கம். வெளியூர்க்காரர்களுக்கும் இதைச் சொல்லாமல் விட மனமில்லை. உள்ளங்கையளவு தட்டுவடை ஒன்று, அதன்மேல் காரச் சட்னி, புதினாச் சட்னி, துருவிய காரட், பீட்ரூட், வெங்காயம், மேலே இன்னொரு தட்டுவடை. கைக்கு வந்தவுடன் வாயில் போட வேண்டும். பேசிக்கொண்டு நின்றால் நமத்துப்போகும்.

நாங்கள் வழக்கமாக நிற்கும் தள்ளுவண்டியில் என் கணவர் நின்றபடியே இரண்டு செட்டை முடித்துவிட்டு அடுத்த கடையில் என்ன இருக்கிறது என்று பார்க்கப் போய்விடுவார். வண்டிக்காரர் என்னைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல், வண்டிக்கு அடியிலிருந்து ஒரு முக்காலியை எடுத்துப் போடுவார்.